குறிப்புகளுக்கான நிரல்

மூன்று ட்ரக்டர், மூன்று விதக் கியர் பெட்டி, ஒரு படிவம்.
விலை, குதிரைவலு, டீசல், உத்தரவாதம்,
கடைசியில் குறிப்புகளுக்கென்று
இரண்டு விரற்கடை அகலத்தில் ஒரு நிரல்.
நிரப்ப வேண்டியவள் நான்.
எனக்கு ட்ரக்டர் ஓட்டத் தெரியாது.
கொழும்பில் உழுவதற்குத் தார்தான் இருக்கிறது.

ஆனாலும் இரவு பதினொன்றுக்குப் பிறகு
ஜிந்துப்பிட்டியின் முட்டுச் சந்துகளுக்குள்
குப்பைப் பெட்டியை இழுத்துக்கொண்டு நுழைவது ட்ரக்டர்தான்.
லொறிக்கு இடுப்பு வளையாது.

இருதயநாதனோடு மூன்று இரவு போனேன்,
மட்கார்ட்டில் குந்தியபடி,
மடியில் படிவம், மூக்கில் லேஞ்சி.

முதல் இரவு எங்கள் பழையது.
பல்லும் பல்லும் நேருக்கு நேர் வந்து
சம்மதம் கேளாமல் கோத்துக்கொள்கிற சாதி.
நின்றால்தான் மாறும்.
நிற்காமல் மாற்றினால்
தகரக் கடைக்குள் மாடு புகுந்த சத்தம்.
மேல்மாடியில் ஒரு ஜன்னல் திறக்கும்.
பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒருத்தி
ஒன்றும் பேசாமல் பார்ப்பாள்.
ஏச்சு எவ்வளவோ மேல்.

முன்னுக்கு, நிறுத்து, பின்னுக்கு, நிறுத்து,
ஒரு தொட்டிக்கு எட்டு முறை கிளச்.
நான் எண்ணினேன்.
விடியும்போது நானூற்றுப் பன்னிரண்டு.
அவர் இறங்கி, காற்சட்டையைச் சுருட்டி,
இடது முழங்காலின் சீலைத் துண்டை அவிழ்த்துக் கட்டினார்.
எண்ணெய் மணத்தது, கியர் எண்ணெய் அல்ல.

"இத நான் கண்ண மூடிட்டுக் கழட்டுவேன்" என்றார்
பட்டறை ஜவாஹிர் நானா.
"சாமானெல்லாம் பஞ்சிகாவத்தையில கிலோக் கணக்குல ஈக்கி."

இரண்டாம் இரவு, கம்பனி பரீட்சைக்கு விட்ட ஷட்டில்.
ஸ்டீயரிங்கின் இடப்பக்கம் ஒரு சின்ன லிவர்,
வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற பலம் போதும்.
உள்ளே எண்ணெயில் ஊறிய தட்டுகள்
ஒரு கூட்டம் விட, ஒரு கூட்டம் பிடிக்கும்.
வண்டி ஒரு மூச்சு எடுத்துத் திரும்பி வரும்.
கிளச் நாற்பது தடவை.
அதிலும் பாதி பழக்க தோஷம்.
மழை பிடித்தது, மூன்றரைக்கு ஒரு வயர் நனைந்தது.
செட்டியார் தெரு முனையில்
கம்பனிப் பெடியன் மடிக்கணினியோடு வரும்வரை
நகைக்கடைக் காவலாளிகள் சூழ
சுவாமி சிலைபோல் நின்றது.

மூன்றாவது, ஹைட்ரோஸ்டாட்டிக்.
எண்ணெயே தள்ளுகிறது, எண்ணெயே தடுக்கிறது.
வலது பாதத்தின் முன்பக்கத்தை அழுத்தினால் போகும்,
குதியை அழுத்தினால் வரும்,
எடுத்தால் நிற்கும்.
ஒன்று இரண்டு மூன்று என்ற படிகளே இல்லை,
காலிமுகத்திடலில் மணல் கடலுக்குள் இறங்குகிற மாதிரி.
ஜன்னல் திறக்கவில்லை.
இடது கால் சும்மா இருந்தது.
சும்மா இருக்கத் தெரியாமல்
இல்லாத மிதியைத் தேடித் தேடி
வெறுந் தகட்டை மிதித்தது.
"இவ்வளவு நாளும் நான்தான் ஓட்டுறேன்னு நெனச்சேன் மிஸ்,"
தொடையில் தட்டினார்,
"இவன்தான் ஓட்டியிருக்கான்."

கொட்டாஞ்சேனை ஏற்றத்தில், பெட்டி நிறைந்த பிறகு,
அது காய்ச்சல்காரன்போல் முனகியது.
சூடு ஏறியது. டீசல் ஆறு லீற்றர் கூட.
"ஒயில் ரெத்தம் மாதிரி சுத்தமா ஈக்கணும்," நானா சொன்னார்,
"குப்ப வண்டியில சுத்தத்துக்கு எங்க போற?"

எல்லாம் எழுதினேன்.
விலையில் பழையதை வெல்ல முடியாது,
அது ஏற்கெனவே எங்களுடையது.
மிஞ்சியது அந்த இரண்டு விரற்கடை.
அதில் மேலிருந்து கீழாக
நானூற்றுப் பன்னிரண்டு,
நாற்பது,
பூச்சியம்.
வெறுந் தகட்டை மிதித்ததை நான் எண்ணவில்லை.

செவ்வாய்க்கிழமை பொறியியலாளர் சிவகடாட்சம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"இதுக்கு அலகு என்ன? லீற்றரா, ரூபாயா?"
"கால்" என்றேன்.
"காலா? நாலில் ஒன்றா?"
"இல்லை சேர். இரண்டில் ஒன்று."

அவர் சிரிக்கவில்லை.
மேசையில் பேனையைத் தேடினார்.